பெண் வீட்டில் எடுத்தது

கெமெரெக் ஊரில் ஒரு வீட்டில் கல்யாணம் என்றால், மேளக்காரர்களுக்குச் சொல்லி அனுப்புவதற்கு முன்பே முனெவ்வருக்குச் சொல்லி அனுப்பிவிடுவார்கள். ஸ்டேஷன் தெருவில் டயர் கடை வைத்திருந்த செலாமியின் மனைவி அவள். ஐம்பதைத் தாண்டியவள். கனத்த உடம்பு, படியேறினால் மூச்சு வாங்கும். ஆனால் தாவுல் மேளத்தில் முதல் அடி விழுந்து, ஸுர்னா குழல் இழுக்க ஆரம்பித்து, ஹலாய் ஆட எல்லோரும் கைகோத்து வரிசை கட்டினால், வரிசையின் தலையில் கைக்குட்டையைச் சுழற்றிக்கொண்டு நிற்பவள் அவளாகத்தான் இருப்பாள். அவள் கால் போகும் பக்கம் மொத்த வரிசையும் போகும்.

ஆட்டத்தைவிட இன்னொன்றுக்கு அவள் பேர்போனவள். பெண்ணை அழைக்கப் போகிற மாப்பிள்ளை வீட்டார், பெண் வீட்டிலிருந்து ஏதாவது ஒரு சின்னப் பொருளை யாருக்கும் தெரியாமல் எடுத்துக்கொண்டு வருவது வழக்கம். ஒரு கரண்டி, ஒரு டீக் குவளை, கூடத்தில் கிடக்கும் ஒரு திண்டு. பிறகு ஆட்டத்தின் நடுவே அதைத் தூக்கிக் காட்டிப் பெண் வீட்டாரைச் சீண்டுவார்கள். அவர்கள் ஒரு பெட்டி மிட்டாய் கொடுத்து மீட்டுக்கொள்ளும்வரை ஒரே கூச்சலாக இருக்கும். மற்றவர்களுக்குக் கரண்டி போதும். முனெவ்வருக்குப் போதாது. ஒரு கல்யாணத்தில் உயிருள்ள சேவலையே, வெளியே போகும்போது எப்போதும் போடும் நீளக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு வந்தாள். இன்னொன்றில் பெண்ணின் தகப்பனாருடைய ஒற்றை ஷூ. அந்த மனிதர் மகளை வழியனுப்பும்போது ஒரு காலில் ஷூவும் ஒரு காலில் குளியலறைச் செருப்புமாக வாசலில் நின்றார். ஊர் அதைப் பல வருடம் சொல்லிச் சிரித்தது. "இந்தத் தடவை என்ன முனெவ்வர்?" என்று கடைத்தெருவில் நிறுத்திக் கேட்பார்கள். அப்படிக் கேட்கிறபோது அவளுக்கு உச்சி குளிர்ந்துபோகும்.

இந்த முறை சொந்த அண்ணன் ஹசிப்பின் மகன் கல்யாணம். மாப்பிள்ளை துன்ஜாய் அவள் தூக்கி வளர்த்தவன். பெண் நெர்கிஸ், மேல் தெருவில் தையல் வேலை செய்யும் நஸிஃபேயின் ஒரே மகள். தகப்பன் சிறு வயதிலேயே போய்விட்டார். நெர்கிஸ் சிவாஸில் ஒரு மழலைப் பள்ளியில் ஆசிரியை. லீவு கிடைத்தால்தான் ஊருக்கு வருவாள். கோடைகாலம் முழுக்க அம்மா அடிக்கடி பஸ் ஏறி கைசேரி ஆஸ்பத்திரிக்குப் போய் வருகிறாள் என்று கேள்விப்பட்டபோது, போனில் கேட்டாள். "பல்லுடி, ரெண்டு பல்லு மாத்தணும். கல்யாணத்துக்குச் சிரிக்க வேணாமா?" என்றாள் நஸிஃபே. மகள் நம்பினாள்.

நஸிஃபேயின் சடை ஊர்ப் பெண்கள் எல்லோருக்கும் தெரிந்தது. வாதுமைத் தோலின் நிறத்தில், மணிக்கட்டு அளவு தடிமனாக, இடுப்பைத் தாண்டித் தொங்கும். வெளியே முக்காட்டுக்குள் இருக்கும். பெண்கள் மட்டும் கூடும் இடங்களில் அவள் முக்காட்டை எடுத்தால் எல்லோர் கண்ணும் ஒருமுறை அங்கே போய்விட்டுத்தான் திரும்பும்.

மருதாணி வைக்கும் மாலையில் பெண்கள் மட்டும்தான். நெர்கிஸுக்குச் சிவப்புத் துணி போர்த்தி நடுவில் உட்காரவைத்து, மெழுகுவர்த்தித் தட்டோடு சுற்றி வந்து, அழவைக்கும் பாட்டைப் பாடி அழவைத்துவிட்டு, உள்ளங்கையில் மருதாணி வைத்துக் கட்டினார்கள். அது முடிந்ததும் ஆட்டம். எல்லோரும் முக்காட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டார்கள். நஸிஃபே மட்டும் கழற்றவில்லை. நெற்றிவரை இறுக்கிக் கட்டியிருந்தாள்.

"என்ன சம்பந்தி, இங்க ஆம்பளை எவன் இருக்கான்?" என்றாள் முனெவ்வர், ஆடிக்கொண்டே. "கழட்டிட்டு வாங்க. உங்க சடையைப் பாக்கத்தானே நாங்க இவ்ளோ தூரம் வந்தது!"

"தலைவலி சம்பந்தி. காத்துப் பட்டா ஆகாது."

"தலைவலியா, மவ போறாளேன்னு வயித்தெரிச்சலா?"

எல்லோரும் சிரித்தார்கள். நஸிஃபேயும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே காலி டீக் குவளைகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.

மறுநாள் மதியம் பெண்ணழைக்கப் போனார்கள். முன் காரில் கொடி கட்டி, பின்னால் வரிசையாக ஹாரன் அடித்துக்கொண்டு, மேல் தெரு அதிர அதிர. நெர்கிஸுக்கு அப்பாவும் இல்லை, அண்ணன் தம்பியும் இல்லை. அதனால் தாய்மாமன் பெக்கிர்தான் வெள்ளைக் கவுனுக்கு மேல் அவள் இடுப்பில் சிவப்பு நாடாவைக் கட்டினார். வழக்கப்படி இரண்டு முறை சுற்றி எடுத்து, மூன்றாம் முறை முடிச்சுப் போட்டவர் அந்த முடிச்சையே பார்த்துக்கொண்டு நின்றார். அதை மறைக்கவோ என்னவோ, அடுத்த நிமிடமே சீர்ப்பெட்டி மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

"இந்தப் பெட்டி நகரணும்னா மாப்பிள்ளையோட அப்பா ஒரு பாட்டுப் பாடணும். இல்லேன்னா நான் இங்கயே குடியிருப்பேன்."

ஹசிப்புக்குக் குரல் தகரத்தைத் தரையில் இழுத்த மாதிரி இருக்கும். அதைக் கேட்க மொத்தக் கூட்டமும் கூடத்துக்குள் நெருக்கியடித்தது. முனெவ்வர் காத்திருந்த நேரம் அதுதான். சமையலறைக்குள் பெண் வீட்டுக்காரிகள் நின்றார்கள். கூடத்தில் எடுக்கத்தக்கதை எல்லாம் மற்றவர்கள் எடுத்தாகிவிட்டது. அண்ணி ஒரு காபிக் கோப்பையைக் கைப்பைக்குள் போட்டதை முனெவ்வரே பார்த்தாள். காபிக் கோப்பை! அதைத் தூக்கிக் காட்டினால் யார் சிரிப்பார்கள்?

நடையின் கடைசியில் ஒரு கதவு சாத்தியிருந்தது. திறந்தாள். நஸிஃபேயின் படுக்கையறை. கட்டில், தையல் மெஷின், பீரோ. சாத்திய அறைக்குள் போவது வழக்கத்தில் இல்லை என்று அவளுக்குத் தெரியும். ஒரு கணம் நின்றாள். கூடத்திலிருந்து அண்ணனின் குரலும் அதை மூழ்கடிக்கும் சிரிப்பும் கேட்டது. பீரோவைத் திறந்தாள். மடித்த கம்பளிகளுக்குப் பின்னால், சுவரோரமாக, ஓரத்தில் ஊசிப் பின்னல் போட்ட வெள்ளைத் துணியில் கட்டிய ஒரு சின்ன மூட்டை. தொட்டுப் பார்த்தாள், மெத்தென்று இருந்தது. பெண்ணுக்குப் பின்னால் கொடுக்க ஒளித்துவைத்த பட்டுச் சால்வை என்று நினைத்தாள். இதைத் தூக்கிக் காட்டினால் சம்பந்தி முகம் போகிற போக்கை ஊர் பத்து வருடம் பேசும். கோட்டுக்குள் வைத்து, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தாள்.

வாசலில் நஸிஃபே அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். பெண்ணின் அம்மா கூட வருவதில்லை, வீட்டிலேயே நின்றுவிடுவாள்.

"என் பொண்ணு உங்க வீட்டுக்கு வர்றா சம்பந்தி. அவ ஏதாவது தப்புப் பண்ணினா எங்கிட்ட வந்து சொல்லுங்க. அவகிட்டச் சொல்லாதீங்க, அவ தாங்க மாட்டா."

"கவலையை விடுங்க. எங்க வீட்டு ராணி அவ," என்றாள் முனெவ்வர். மூட்டை நழுவாமல் முழங்கையை விலாவோடு இறுக்கிக்கொண்டு நின்றாள்.

ஸ்டேஷன் தெருவில் ஹசிப்பின் வீட்டு முன்னால் தெருவையே மறித்துப் பந்தல். அண்டாக்களில் இறைச்சிப் புலாவ். பெண் காரைவிட்டு இறங்கியதும் தலைமேல் மிட்டாயும் கோதுமையும் வீசினார்கள். தாவுல்காரன் வெயிலில் வியர்த்து ஊற்ற, மெதுவான முதல் ஆட்டம் முடிந்து இரண்டாவதும் முடிந்து, வேகமான ஆட்டம் பிடித்தது. நெர்கிஸும் கவுனின் ஓரத்தை ஒரு கையில் தூக்கிக்கொண்டு துன்ஜாய் பக்கத்தில் வரிசையில் சேர்ந்துகொண்டாள். அழுது சிவந்த கண்ணோடு, ஆனால் சிரித்துக்கொண்டு.

முனெவ்வர் வரிசையின் தலையிலிருந்து கத்தினாள்.

"பெண் வீட்டுக்காரங்க எங்கய்யா? பெக்கிர் அண்ணே! வீட்டைப் பூட்டி வைக்கத் தெரியாதா உங்களுக்கு?"

"எடுத்துட்டியா?" பெக்கிர் சாப்பாட்டு மேஜையிலிருந்து எழுந்து சிரித்துக்கொண்டே வந்தார். "என்னத்தை எடுத்தே, வீட்டுக் கூரையையா?"

"வந்து பாருங்க!"

கால் தாளம் தப்பாமல், கோட்டுக்குள் கைவிட்டு மூட்டையை எடுத்தாள். பல்லால் முடிச்சை அவிழ்த்தாள். துணி விரிந்து, உள்ளே சுருட்டி வைத்திருந்தது நீளமாக அவிழ்ந்து விழுந்தது. நுனியைப் பிடித்துக்கொண்டாள். சால்வை இல்லை. இரண்டு முனையிலும் நீலக் கம்பளி நூல் கட்டிய முடி. என்னவென்று யோசிக்கக்கூட அவளுக்கு நேரமில்லை. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், மேளம் வேறு ஏறிக்கொண்டே போனது, வாயில் முதலில் வந்ததைச் சொன்னாள்.

"அடியாத்தி! குதிரை வாலை வெச்சு சீர் கட்டியிருக்காங்கடீ!"

பந்தல் முழுக்கச் சிரித்தது. அந்தச் சிரிப்பில் அவளுக்குக் கை தானாக மேலே போயிற்று. கைக்குட்டையைச் சுழற்றுகிற மாதிரி அதைத் தலைக்கு மேலே சுழற்றினாள். மறுபடியும் சுழற்றினாள்.

அப்போதுதான் பெக்கிரின் முகத்தைப் பார்த்தாள். அவர் பாதி வழியில் நின்றிருந்தார். வரிசையின் ஒரு ஓரத்தில், மேல் தெருப் பெண்கள் இருந்த பக்கத்தில், சிரிப்பு நின்றது. அங்கிருந்து ஒவ்வொருவராக நிறுத்திக்கொண்டே வந்தார்கள். யாரோ ஒருத்தி, சத்தமாகக்கூட இல்லை, "ஐயோ, அது நஸிஃபேயோட சடை" என்றாள்.

முனெவ்வரின் கை கீழே இறங்கியது. கால் மட்டும் இன்னும் இரண்டு அடி போட்டது. அந்த இரண்டு அடியைத்தான் பிற்பாடு அவளால் மறக்க முடியாமல் போயிற்று. தெரிந்த பிறகும் போட்ட அடி.

நெர்கிஸ் துன்ஜாயின் கையை விட்டுவிட்டு வந்தாள். சடையை முனெவ்வரின் கையிலிருந்து வாங்கினாள். பிடுங்கவில்லை, வாங்கினாள். நீல நூலைத் தொட்டுப் பார்த்தாள்.

"மாமா, எங்கம்மா முடியை ஏன் வெட்டியிருக்கு?"

"வீட்டுக்குப் போயி பேசலாம்மா," என்றார் பெக்கிர்.

"இங்கயே சொல்லுங்க."

"நெர்கிஸ்..."

"பல்லுக்கா முடியை வெட்டுவாங்க? சொல்லுங்க மாமா!"

பெக்கிர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "மார்ல கட்டி. கோடை ஆரம்பத்துலயே கண்டுபிடிச்சாங்க. மருந்து ஏத்துனா முடி கொட்டும்னாங்க, கொட்டுறதுக்கு முந்தி தானே வெட்டி எடுத்து வெச்சுட்டா. உன் கல்யாணம் முடியட்டும்னா. எங்கிட்ட சத்தியம் வாங்கினா."

தாவுல்காரனுக்கு எதுவும் கேட்கவில்லை. அவன் கண்ணை மூடி அடித்துக்கொண்டே இருந்தான். யாரோ போய்த் தோளைத் தொட்ட பிறகுதான் நிறுத்தினான்.

நெர்கிஸ் கவுனை முழங்கால்வரை தூக்கிக்கொண்டு தெருவில் நடக்க ஆரம்பித்தாள். கார் இருந்தது. ஆனால் அவள் அதைப் பார்க்கவில்லை. கடைக்காரர்கள் வெளியே வந்து நின்று பார்த்தார்கள். கல்யாணப் பெண் இடுப்பில் சிவப்பு நாடாவோடு, தோளில் ஒரு சடையைப் போட்டுக்கொண்டு, அம்மா வீட்டை நோக்கித் திரும்பிப் போவதை அந்த ஊர் அதுவரை பார்த்ததில்லை. துன்ஜாய் பின்னால் ஓடினான்.

ஹசிப் தங்கையின் கையைப் பிடித்து அண்டாக்களுக்குப் பின்னால் இழுத்துப் போனார்.

"எங்கேருந்துடீ எடுத்தே அதை?"

"கூடத்துல."

"கூடத்துல எங்க?"

"சோபா மேல கிடந்துச்சு."

"அதை எவளாவது சோபா மேல வெப்பாளா?"

"எனக்கு என்ன தெரியும்? கிடந்துச்சு, எடுத்தேன்!"

பெக்கிர் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவளை ஒருமுறை பார்த்தார். கிளம்பிப் போனார்.

முனெவ்வர் பின்சந்து வழியாக வீட்டுக்குப் போனாள். கோட்டைக் கழற்றாமலேயே சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தாள். உள்ளங்கையை முகர்ந்து பார்த்தாள். லாவெண்டர் வாசம். பீரோவில் துணிக்கு வைக்கும் பை. எழுந்து போய்க் கையைக் கழுவினாள், மறுபடியும் கழுவினாள்.

செலாமி அதிகம் பேசாத மனிதர். வந்து ஸ்டவ்வில் கெட்டிலை வைத்தார்.

"சாப்பிட்டியா?"

"இல்ல."

அவர் ரொட்டியையும் சீஸையும் எடுத்து அவள் முன்னால் வைத்தார். எதிரே உட்கார்ந்தார். "கூடத்துலயா இருந்துச்சு?" என்றார்.

அவள் ரொட்டியைப் பிய்த்தாள். வாயில் போடவில்லை. அவர் மறுபடி கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்று அவளுக்குப் பட்டது.

அதற்குப் பிறகு அவள் ரொட்டிக் கடைக்குப் போனால் பேச்சு நின்றது. திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பாள், அதற்கு அவளுக்கு வாய் இருந்தது. யாரும் திட்டவில்லை. "வாங்க முனெவ்வர் அக்கா" என்று வழிவிட்டார்கள். வழக்கத்தைவிடக் கொஞ்சம் அகலமாகவே விட்டார்கள். நெர்கிஸ் அம்மா வீட்டைவிட்டு வரவில்லை. துன்ஜாயும் அங்கேயே தங்கிவிட்டான். கல்யாணம் ஆன அன்றே மாமியார் வீட்டோடு போன மாப்பிள்ளை என்று டீக்கடையில் அவனைக் கேலி செய்தார்கள். அதுவும் தன் கணக்கில்தான் என்று முனெவ்வருக்குத் தெரிந்தது.

சில நாள் கழித்துத் துன்ஜாயே வந்தான். டீயை வாங்கிச் சர்க்கரை போடாமல் கலக்கிக்கொண்டே இருந்தான்.

"அத்தை, ஒண்ணு கேக்கணும். நிஜமாவே அது சோபா மேலதான் இருந்துச்சா?"

"யாரு கேக்குறா?"

"நெர்கிஸ். அவங்கம்மா பீரோவுக்குள்ள கம்பளிக்குப் பின்னால வெச்சேங்கிறாங்க. இவ நம்ப மாட்டேங்கிறா. பல்லுன்னு ஏமாத்துனே, இப்ப இதையும் ஏமாத்துறேங்கிறா. எங்கிட்ட நேருக்கு நேர் சொல்ல முடியாம, யாராவது பாத்து சொல்லட்டும்னு வேணும்னே வெளிய போட்டியாங்கிறா. ரெண்டு பேரும் பேசிக்கிறதே இல்ல அத்தை. ஒரே வீட்டுக்குள்ள, நான்தான் நடுவுல தட்டைத் தூக்கிட்டு அலையுறேன்."

அப்போதே சொல்லியிருக்கலாம். அவன் அவள் தூக்கி வளர்த்த பிள்ளை. வேறு யாரும் வீட்டில் இல்லை. முனெவ்வர் ஜன்னலைப் பார்த்தாள்.

"அந்தக் கூட்டத்துல... எனக்கு ஞாபகம் இல்லப்பா."

"சரி அத்தை," என்றான். டீயைக் குடித்துவிட்டு, அவள் கையை எடுத்து முத்தமிட்டு நெற்றியில் ஒற்றிக்கொண்டு போனான். அவன் நம்பாததை அந்த முத்தத்திலேயே அவளால் உணர முடிந்தது. அன்று முழுவதும் அந்தக் கையை எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அடுத்த நாள் காலை மேல் தெருவுக்கு நடந்தாள். வழியில் இரண்டு முறை திரும்பிவிடப் பார்த்தாள். கதவைத் தட்டியதும் நஸிஃபேயே திறந்தாள். தலையில் ஒன்றும் இல்லை. மொட்டைத் தலை, வெளுத்து, காதுகள் பெரிதாகத் தெரிந்தன. முனெவ்வர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள்.

"பாரு," என்றாள் நஸிஃபே. "ஊருக்கே தூக்கிக் காட்டுனவ, நீ பாக்க மாட்டியா?"

முனெவ்வர் நிமிர்ந்து பார்த்தாள். பார்க்கச் சொன்னதால் பார்த்தாள்.

உள்ளே சமையலறை மேஜை நிறையப் பாத்திரங்கள். "தயிர் சூப்," என்றாள் நஸிஃபே. "தெருவுக்கு ஒரு பாத்திரம். வர்றவளெல்லாம் அழுதுட்டுப் போறா. நான் உக்காந்து அவளுகளுக்குக் கையில கொலோன் வாசனைத் தண்ணி தெளிச்சு ஆறுதல் சொல்றேன்."

நெர்கிஸ் சமையலறை வாசலில் வந்து நின்றாள். துன்ஜாய் அவள் பின்னால். முனெவ்வர் உட்காரவில்லை. கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டே சொன்னாள்.

"சோபா மேல இல்ல."

நஸிஃபே கையிலிருந்த பாத்திர மூடியைக் கீழே வைத்தாள்.

"ரூம் கதவு சாத்தியிருந்துச்சு. நான்தான் தொறந்தேன். பீரோவையும் தொறந்தேன். கம்பளிக்குப் பின்னால, சுவரோரமா இருந்துச்சு. உங்கம்மா சொன்னது நெஜம். நான் சொன்னது பொய்." துன்ஜாயின் பக்கம் திரும்பாமலேயே, "ஞாபகம் இல்லேன்னதும் பொய்," என்றாள்.

நெர்கிஸின் முகம் மாறியது. அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா மேஜை விரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நெர்கிஸ் முனெவ்வர் பக்கம் திரும்பினாள்.

"குதிரை வால்னீங்க."

"ஆமா."

"வெளிய போங்க அத்தை."

"இரு," என்றாள் நஸிஃபே. "வந்தவளை உக்கார வெக்காம அனுப்பினா அதுக்கும் ஊர் கூடும். உக்காரு முனெவ்வர். டீ குடிச்சுட்டுப் போ."

சம்பந்தி என்று சொல்லவில்லை. முனெவ்வர் உட்கார்ந்தாள். நெர்கிஸ் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். துன்ஜாய் அவள் பின்னாலேயே போனான். டீ சுட்டது. முனெவ்வர் ஊதாமல் குடித்தாள்.

"எனக்கு ஒரே ஒரு நாள்தான் வேண்டியிருந்துச்சு," என்றாள் நஸிஃபே. குரலை உயர்த்தவில்லை. "என் மவ கல்யாணத்துல எல்லாரும் என் மவளைப் பாக்கணும். என்னையப் பாத்து உச்சுக்கொட்டக் கூடாது. அதுக்காகத்தான் அந்த வெயில்ல முக்காட்டை இறுக்கிக் கட்டிக்கிட்டு நின்னேன். மறுவாரம் நானே அவளைக் கூப்பிட்டு, பக்கத்துல உக்கார வெச்சு, மெதுவா சொல்லியிருப்பேன். எப்படிச் சொல்லணும்னுகூட யோசிச்சு வெச்சிருந்தேன்."

"மன்னிச்சிருங்க."

"மன்னிச்சேன்னு சொன்னா நீ வீட்டுக்குப் போயி நிம்மதியா தூங்கிருவே. என்னால இப்ப அது முடியாது."

முனெவ்வர் தலையாட்டினாள். குவளையை வைத்துவிட்டு எழுந்தாள். வாசல்வரை யாரும் வரவில்லை.

அம்மாவும் மகளும் அன்றே பேசிக்கொண்டார்கள் என்று துன்ஜாய் மூலம் தெரிந்தது. இரண்டு பேரும் கத்தி, அழுது, பிறகு அந்தத் தயிர் சூப்பை எல்லாம் ஒரே அண்டாவில் கொட்டிச் சுடவைத்துக் குடித்தார்களாம். அடுத்த மருந்து ஏற்றும் நாளுக்கு நெர்கிஸே அம்மாவோடு கைசேரிக்குப் போனாள். அது முடிந்ததும் நஸிஃபே ஹசிப்புக்குச் சொல்லி அனுப்பினாள். பெண்ணை ஒழுங்காக வந்து அழைத்துக்கொண்டு போங்கள், மேளத்தோடு, பாதியில் நின்ற ஆட்டத்தை ஆடி முடியுங்கள் என்று. நெர்கிஸ் ஒரு நிபந்தனை சொல்லியிருந்தாள். அதை வந்து சொல்ல ஹசிப் வாசலில் நின்று தொண்டையைச் செருமிக்கொண்டே இருந்தார்.

"நான் வரலண்ணே," என்று முனெவ்வர் முந்திக்கொண்டாள். "முழங்கால் வலி. வர முடியாதுன்னு சொல்லிடு."

அவர் அவளைப் பார்க்காமல் தலையாட்டிவிட்டுப் போனார். இரண்டு பேருமே அந்தப் பொய்க்கு நன்றியோடு இருந்தார்கள்.

அன்று மதியம் ஸ்டேஷன் தெருவில் தாவுல் கேட்டது. இரண்டு வீடு தள்ளித்தான் பந்தல். முனெவ்வர் சமையலறையில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். முதல் ஆட்டம். இரண்டாவது. யாரை வரிசைத் தலையில் நிறுத்தியிருக்கிறார்கள் என்று மேளத்தை வைத்தே சொல்ல முடிந்தது. ஹசிப்பின் மனைவி, திருப்பத்தில் எப்போதும் பிந்துவாள், தாவுல்காரன் அவளுக்காக ஒரு அடி காத்திருந்தான். வேகமான ஆட்டம் வந்ததும் மேஜைக்கு அடியில் தன் பாதம் தட்டுவதை முனெவ்வர் கண்டாள். எழுந்து குழாயை முழுக்கத் திறந்துவிட்டாள். தண்ணீர்ச் சத்தத்தில் நின்றுகொண்டு, ஏற்கெனவே கழுவிய பட்டாணியைக் கழுவினாள்.

அந்தக் குளிர்காலத்தில் ஊரில் நடந்த எந்தக் கல்யாணத்துக்கும் அவள் போகவில்லை. முதலில் வந்து கூப்பிட்டார்கள். பிறகு கூப்பிடுவதை நிறுத்திக்கொண்டார்கள். செலாமி கடையிலிருந்து சீக்கிரம் வர ஆரம்பித்தார். இரண்டு பேரும் டிவி பார்த்தார்கள்.

நஸிஃபேக்கு மருந்து முடிந்தது. அறுவை சிகிச்சையும் நடந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டச் சொன்னார்கள். முடி முளைத்தது, பழைய நிறத்தில் இல்லை. ஆட்டுக்குட்டி மாதிரி வெள்ளையாய், சுருட்டையாய். வசந்தத்தில் ஒருநாள் காய்கறிச் சந்தையில் முனெவ்வரைப் பார்த்தபோது நஸிஃபே அவளாகவே நின்றாள்.

"பெக்கிர் பொண்ணுக்குக் கல்யாணம். பத்திரிகை வரும். வா."

"நெர்கிஸ்..."

"அவ கல்யாணம் இல்ல இது. பெக்கிர் பொண்ணு கல்யாணம்." பையைத் தோளில் மாற்றிக்கொண்டாள். "மன்னிச்சேன்னு நான் இன்னும் சொல்லல. வான்னு மட்டும்தான் சொல்றேன்."

முனெவ்வர் போனாள். செலாமி தானாகவே சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு கூட வந்தார். பெண் வீட்டுக்குள் அவள் நுழையவில்லை. ஒரு பெண்மணி வந்து, "உள்ள வாங்க அக்கா, டீ குடிங்க," என்று இழுத்தபோதும், "வெளிய காத்து நல்லா இருக்கு," என்று முற்றத்திலேயே, எல்லோர் கண்ணும் படுகிற இடத்தில், இரண்டு கையையும் மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். கைப்பைகூட எடுத்து வரவில்லை.

ஆட்டம் தொடங்கியது. தாவுல்காரன் அவளைப் பார்த்துவிட்டு, பழக்கத்தில், வரிசைத் தலையைக் கண்ணால் காட்டினான். அவள் தலையசைத்து மறுத்தாள். ஆனால் செலாமி எழுந்து, வாழ்நாளில் ஆடாத மனிதர், அவள் முழங்கையைப் பிடித்து வரிசையின் வால் பக்கம் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார். அவள் அங்கே யாரோ இரண்டு பேருக்கிடையே, தலையைக் குனிந்து, கால் வைக்கிற இடத்தை மட்டும் பார்த்து ஆடினாள். முகத்தில் சூடு ஏறிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு திருப்பத்திலும் யாராவது பார்க்கிறார்களா என்று தோன்றியது, பார்த்தார்கள்தான்.

மூன்றாவது சுற்றில் பக்கத்தில் இருந்தவள் மூச்சு வாங்கி விலகினாள். வரிசையில் ஒரு இடைவெளி. வட்டம் சுற்றி வந்தபோது, அந்த இடைவெளியில் வெளியிலிருந்து ஒருத்தி நுழைந்து கையைக் கோத்தாள். சுண்டு விரலோடு சுண்டு விரல். முனெவ்வர் ஓரக்கண்ணால் பார்த்தாள். நெர்கிஸ்.

அவள் முனெவ்வரைப் பார்க்கவில்லை. நேரே எதிரே பார்த்தபடி ஆடினாள். எங்கே நுழைந்தோம் என்று தெரிந்து நுழைந்தாளா, இடம் இருந்ததால் நுழைந்தாளா என்று சொல்ல முடியவில்லை. முனெவ்வரின் கை வியர்த்தது. இழுத்துக்கொள்ளலாமா என்று நினைத்தாள். வரிசையில் ஆடும்போது ஒருத்தி கையை விட்டால் எல்லோருக்கும் தெரிந்துபோகும். அதற்காக அவள் விடவில்லை. நெர்கிஸும் விடவில்லை. வேகமான பகுதி வந்தபோது நெர்கிஸின் கால் ஒருமுறை தாளம் தப்பியது. முனெவ்வர் வாயைத் திறக்கவில்லை. தன் அடியை மட்டும் கொஞ்சம் அழுத்தி வைத்தாள். நெர்கிஸ் பிடித்துக்கொண்டாள்.

மேளம் நின்றது. நெர்கிஸ் விரலை எடுத்துக்கொண்டாள். உள்ளங்கையைப் பாவாடையில் துடைத்தாள். முனெவ்வரின் வியர்வை அது. பிறகு அம்மா உட்கார்ந்திருந்த நாற்காலியை நோக்கிப் போனாள்.